கேட்பவர் கையில் இருந்தது என்ன: பெரம்பூரில் தொழில் ஐயங்களின் வரலாறு

ஒரு தொழிலின் வரலாற்றை அதன் கருவிகளைக் கொண்டும், கூலியைக் கொண்டும், போராட்டங்களைக் கொண்டும் எழுதுவது வழக்கமாக இருக்க, அத்தொழிலில் இருந்தோர் தமக்குத் தெரியாததை யாரிடம், எவ்வாறு கேட்டார்கள் என்பதைக் கொண்டு எழுதுவது அரிதாகவே நிகழ்ந்திருக்கிறது. வடசென்னையின் பெரம்பூர் அத்தகைய வரலாற்றுக்கு இடம் தரும் ஊர். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய அதே ஆண்டில் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பணிமனை இங்கே தொடங்கியது, அந்நூற்றாண்டு முடிவதற்குள் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் (பி. அண்ட் சி.) ஆலைகள் அருகில் எழுந்தன, 1955இல் ஐ.சி.எஃப். என்று ஊரார் சொல்லும் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிற்சாலையின் கணக்குகளைப் போடக் கணிப்பொறி வந்தது. ஆக, கொல்லுலையில் வேலை பழகியவரின் ஐயமும், நிரல் எழுதியவரின் ஐயமும், ஓர் ஊர் எல்லைக்குள், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளியில் கேட்கப்பட்டிருக்கின்றன.

நிரலர், அதாவது புரோகிராமர், உதவி கேட்டுவிட்டு எரிச்சலோடு திரும்புவது இத்தொழிலோடு கூடப் பிறந்த குறை. அதற்குக் காரணம் சொல்வோர் பெரும்பாலும் ஆட்களின் குணத்தையே குறை சொல்கிறார்கள்: கேட்பவர் தாமே முயன்று பார்க்காத சோம்பேறி என்பர், அல்லது சொல்பவர் தலைக்கனம் பிடித்தவர் என்பர். பெரம்பூரின் தொழில் வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் போதவில்லை. சோம்பேறிகளும் தலைக்கனம் பிடித்தவர்களும் ரயில்வே பணிமனையிலும் இருந்திருப்பார்கள். ஆயினும் அங்கே ஐயம் கேட்டவர் கையில் காட்டுவதற்கு ஒரு பொருள் இருந்தது. நிரலர் கையில் அது இல்லை. இந்த வேறுபாட்டிலிருந்தே மற்றவை பிறந்தன என்று கருத இடமுண்டு.

கேள்வியைப் பற்றித் தமிழ் இலக்கணம் சொல்லியிருப்பது இங்கே பயன்படும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. தனக்குத் தெரிந்ததையே பிறருக்குத் தெரிகிறதா என்று சோதிக்கக் கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்று தடுமாறிக் கேட்பது ஐய வினா. ஒன்றைப் பெறுவதற்காகக் கேட்பது கொளல் வினா. கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா. ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் கருத்தோடு கேட்பது ஏவல் வினா. ஆறுக்கும் வாக்கிய வடிவம் ஒன்றாகவே இருக்கலாம் என்பதுதான் இதிலுள்ள நுட்பம்: கேட்பவர் அறியாமல் கேட்டதை எதிரில் இருப்பவர் சோதனையாகவும் எடுத்துக்கொள்ளலாம், 'என் வேலையை நீ செய்து கொடு' என்ற ஏவலாகவும் எடுத்துக்கொள்ளலாம். பேச்சுத் தமிழில் இந்த ஆபத்து இன்னும் ஒரு படி கூடுகிறது. பாடம் புரியாத மாணவர் கேட்பதும் 'சந்தேகம்', ஒருவர் நேர்மையில் நம்பிக்கையில்லாமல் இருப்பதும் 'சந்தேகம்' என்று ஒரே சொல்லால் வழங்குகின்றன.

பெரம்பூர்ப் பணிமனையில் வேலை பழக வந்தவர் சொற்களை மிகக் குறைவாகவே நம்பியிருந்தார். வண்டியின் அச்சு சுழலும் இடத்தில் பொருத்தும் பேரிங் என்னும் தாங்கியைச் சரிசெய்வதை எடுத்துக்கொள்ளலாம். உட்புறத்தில் ஒயிட் மெட்டல் என்னும் மென்மையான உலோகம் வார்க்கப்பட்ட பேரிங்கை அச்சின்மீது வைக்கும்முன், அச்சில் நீலச்சாயத்தை மெல்லிதாகத் தடவி, பேரிங்கை அதன்மேல் அமர்த்தி அசைத்து எடுத்தால், மேடாக உள்ள இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த மேடுகளைச் சுரண்டியால் சுரண்டி, மறுபடி வைத்துப் பார்த்து, நீலம் பரவலாகவும் சீராகவும் படியும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். பழகுபவருக்குச் சரிவரவில்லை என்றால் அவர் ஒரு வாக்கியமும் அமைக்க வேண்டியதில்லை. நீலத் திட்டுகளோடு பேரிங்கை மூத்த ஃபிட்டரிடம் நீட்டினால் போதும். எங்கே அதிகமாகச் சுரண்டினார், எந்தப் பக்கம் கை சாய்ந்தது, சாயத்தைத் தடிப்பாகப் பூசினாரா என்பதெல்லாம் அந்தத் திட்டுகளிலேயே எழுதியிருக்கும். கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே எழவே இல்லை. கேள்வி பொருளின்மேல் தானாகவே பதிந்து வந்தது.

இதைக் கொண்டு பணிமனையைப் பொற்காலமாக்கிவிடலாகாது. தொழில் நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுத்தால் தன் மதிப்புக் குறையும் என்று மறைத்துக்கொள்வது எல்லாக் கைத்தொழில்களிலும் இருந்த வழக்கம். வேலை பழகுபவர் முதலில் எடுபிடியாக நின்று, கண்ணால் பார்த்தே பாதியைத் திருடிக்கொள்ள வேண்டியிருந்தது. மொழியும் தடையாக இருந்தது. மேற்பார்வைப் பதவிகளில் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் மிகுந்திருந்த காலத்தில், ஃபோர்மேனிடம் நேரே கேட்பது பலருக்கும் நினைத்துப் பார்க்க முடியாதது. இடையில் மேஸ்திரி நின்றார். சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் தொடங்கி 1960களில் ரயில்வே பணிமனைகளுக்குப் பரவிய ஊக்கத்தொகைத் திட்டம் இன்னொரு கணக்கையும் சேர்த்தது. ஒரு வேலைக்கு ஒதுக்கிய நேரத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறாரோ அதற்கேற்பத் தொழிலாளிக்குக் கூடுதல் பணம் என்றான பிறகு, அடுத்தவர் ஐயத்தைத் தீர்க்கச் செலவிடும் பத்து நிமிடத்துக்கு விலை ஏற்பட்டுவிட்டது. பதில் சொல்பவரின் பொறுமையின்மையைப் பேசுவோர் இந்த விலையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

ஆலைகளில் கேள்விக்கு வேறொரு கதி நேர்ந்தது. பி. அண்ட் சி. ஆலைத் தொழிலாளர்களின் குறைகள் கொளல் வினாக்களாகவே, அதாவது ஒன்றைப் பெறுவதற்கான விண்ணப்பங்களாகவே எழுந்தன. மதிய உணவுக்கு விடும் அரைமணி நேரம் கை கழுவி உண்டு திரும்பப் போதவில்லை என்பது அவற்றுள் ஒன்று. நிர்வாகம் இவற்றைக் கீழ்ப்படியாமையாகப் படித்தது. 1918 ஏப்ரல் 27இல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, திரு.வி.க.வும் அதில் முன்னின்றார். தனியொருவர் கேட்டால் அடங்காமை என்று எண்ணப்பட்டதைப் பலர் சேர்ந்து, பேசத் தெரிந்த ஒருவர் மூலம் கேட்கும்போது பேச்சுவார்த்தையாக எண்ண வேண்டியதாயிற்று. தொழில் ஐயத்தின் வரலாற்றில் இது கிளைக்கதைதான். எனினும் ஒரு கேள்வி எந்த வகைக் கேள்வி என்பதைக் கேட்பவரின் மனத்தைவிடக் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையிலான உயரமே முடிவு செய்கிறது என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் சான்று பெரம்பூரில் வேறில்லை.

ஐ.சி.எஃப். தொடங்கியபோது காட்டுவதற்கான பொருள் பாதி மறைந்து, அதன் இடத்தில் காகிதம் வந்தது. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நகரில் இருந்த சுவிஸ் கார் அண்ட் எலிவேட்டர் நிறுவனத்தோடு 1949இல் இந்திய அரசு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, முழுதும் எஃகால் பற்றவைத்துச் செய்யும், மோதினாலும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளாத ரயில்பெட்டியின் வடிவமைப்பு இங்கே வந்தது. 1955 அக்டோபர் 2இல் பிரதமர் நேரு தொழிற்சாலையைத் தொடங்கிவைத்தார். அடியும் அங்குலமுமாக அளந்து பழகிய கைகளுக்கு மில்லிமீட்டர் வரைபடங்கள் வந்து சேர்ந்தன. நாட்டில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் வந்ததே 1956இல்தான். ஆணி அடித்த மரப்பெட்டிகளைப் பழுதுபார்த்த ஊரில், மெல்லிய தகட்டை வளையாமல் நெளியாமல் பற்றவைக்க வேண்டியிருந்தது. வரைபடம் என்பது ஐயத்தை வாக்கியமாக மாற்றச் சொல்லும் பொருள்: 'இது சரியாக வரவில்லை' என்று நீட்டினால் போதாது, எந்தத் தாளில், எந்த வெட்டுத் தோற்றத்தில், எந்த அளவு என்று சுட்ட வேண்டும். ஆயினும் சுவிஸ் நிபுணர்கள் பணிக்கூடத்திலேயே நின்றதாலும், தொழிற்சாலை தனக்கென ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தியதாலும், வரைபடத்துக்குப் பக்கத்தில் உருகி உறைந்த பற்றவைப்புத் தையலும் இருந்தது. மொழி தெரியாதவர் விரலால் அதைத் தொட்டுக் காட்ட முடிந்தது.

இந்தப் பின்னணியில்தான் கணிப்பொறி வந்தது. 1960களின் பிற்பகுதி தொடங்கி ரயில்வே தன் ஒன்பது மண்டலங்களுக்கும், சித்தரஞ்சன், வாரணாசி, பெரம்பூர் ஆகிய மூன்று உற்பத்திச் சாலைகளுக்கும் ஐபிஎம் 1401 என்னும் கணிப்பொறிகளை வாடகைக்குப் பெற்றது. 1959இல் அறிவிக்கப்பட்ட அந்த இயந்திரம் உலகெங்கும் பல்லாயிரக்கணக்கில் பரவியிருந்தது. எனினும், 1964இலேயே ஐபிஎம் அதற்கு அடுத்த தலைமுறையான 360 வரிசையை அறிவித்துவிட்டதால், இந்தியாவுக்கு வந்தவற்றுள் பல பம்பாய் ஆலையில் புதுப்பிக்கப்பட்ட பழைய இயந்திரங்களாகவே இருந்தன. பின்னாளில் நாடாளுமன்றம் வரை இது குறையாகப் பேசப்பட்டது. நிரலரைப் பொறுத்தவரை அதன் விளைவு எளிது: அவர் ஐயம் கேட்கத் தொடங்கிய வேளையில், பதில் தெரிந்தவர்கள் வேறு இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சம்பளப் பட்டியலும் பண்டசாலைக் கணக்கும் இவ்வியந்திரத்தின் முதன்மையான வேலைகள். அவற்றுக்கு நிரல் எழுதும் முறையைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். நிரலர் தம் கட்டளைகளை எண்பது கட்டங்கள் கொண்ட தாளில் பென்சிலால் எழுதுவார். துளையிடும் பிரிவினர் ஒவ்வொரு வரியையும் ஒரு தடித்த அட்டையில் துளைகளாக மாற்றுவர். அட்டைக் கட்டு கணிப்பொறி அறைக்குப் போகும். குளிரூட்டிய அந்த அறைக்குள் இயந்திரத்தை இயக்குவோரே இருப்பர், நிரல் எழுதியவருக்கு அங்கே வேலையில்லை என்பது அக்கால மையங்களில் பொதுவான விதி. மாதச் சம்பளம் போன்ற வழக்கமான ஓட்டங்கள் முடிந்த பிறகே சோதனை ஓட்டத்துக்கு நேரம் கிடைக்கும்; முடிவு அச்சடித்த தொடர்தாளாக வெளியே வரும். ஒரு காற்புள்ளி பிழையென்றாலும் மறுமுறை வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே நிரலர் இயந்திரத்திடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் விலையாக ஒரு நாளோ அரை நாளோ போயிற்று. அந்த நாள் வீணானபின் அவர் மனிதரிடம் கேட்க வந்தபோது, பாதிப் பொறுமையை இயந்திரமே தின்று முடித்திருந்தது.

அவர் கொண்டுவந்தது என்ன? 1401இன் நினைவகத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இடம், ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். 1 முதல் 80 வரை உள்ள இடங்களில் அட்டையிலிருந்து படித்தது வந்து விழும். 101 முதல் 180 வரை அட்டையில் துளையிட வேண்டியது இருக்கும். 201 முதல் 332 வரை அச்சிட வேண்டிய வரி. ஒரு பெயரோ தொகையோ எத்தனை எழுத்து நீளம் என்பது முன்னரே வரையறுக்கப்படவில்லை. அதன் இடக்கோடி எழுத்தின்மேல் சொற்குறி என்னும் கண்ணுக்குத் தெரியாத அடையாளத்தை நிரலர் வைக்க வேண்டும். ஒரு தொகையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்தும்போது இயந்திரம் வலக்கோடியில் தொடங்கி, எழுத்தெழுத்தாக இடப்புறம் சென்று, சொற்குறி எதிர்ப்பட்ட இடத்தில் நிற்கும். அந்தக் குறியை வைக்க மறந்தால் அது நிற்காது. அடுத்த குறி கிடைக்கும் வரை போய், இடப்பக்கத்து அண்டைவீட்டை மிதித்து அழித்துவிடும். சம்பளத் தொகைக்குக் குறி வைக்க மறந்த நிரலருக்குத் தாளில் தெரிவது, தொகை சரியாக நிற்க, அதற்கு இடப்பக்கத்தில் இருக்கும் பெயர் சிதைந்து கிடப்பது.

இனி அவர் கேட்கும் கேள்வியைக் கவனிக்கலாம். 'பெயர் ஏன் சிதைகிறது?' என்று கேட்டுப் பெயருக்குரிய அட்டைகளை மட்டும் காட்டுவார், ஏனெனில் பிழை அங்கேதான் தெரிகிறது. மூத்தவர் அந்த அட்டைகளைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறதே என்பார். கேட்டவர் எல்லா அட்டைகளையும் கொண்டுவந்து கொட்டினால், இவ்வளவையும் நான் படிக்க வேண்டுமா என்பார். நீலம் பூசிய பேரிங்கில் நீலம் ஒட்டிய இடமே குறையுள்ள இடம். நிரலிலோ குறை ஓரிடத்தில் இருக்க, அதன் தழும்பு வேறோரிடத்தில் தோன்றுகிறது. எதைக் காட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் அதன்பின் கேட்க வேண்டிய தேவையே இருப்பதில்லை. சரியான கேள்வியைக் கேட்க வேண்டுமென்று சொல்பவர் நிபந்தனை விதிப்பதும், அந்த நிபந்தனையைக் கேட்பவர் நிறைவேற்ற முடியாமல் குமைவதும் இருவர் குணத்தையும் சார்ந்தவையல்ல; நகர்ந்து போன தழும்பைச் சார்ந்தவை.

நன்னூல் விடைகளையும் எட்டாகப் பிரித்து, சுட்டு, மறை, நேர் என்னும் முதல் மூன்றையும் வெளிப்படையான விடைகளாகவும், மற்ற ஐந்தையும் கருத்தால் விடையாக ஏற்கத்தக்கவையாகவும் கொள்கிறது. அந்த ஐந்தில் ஒன்று, வினாவுக்கு எதிராக ஒரு வினாவையே விடுப்பது. இன்னொன்று இனமொழி, அதாவது கேட்டதை விட்டு அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது. 'பெயர் ஏன் சிதைகிறது?' என்பதற்கு 'பக்கத்தில் என்ன வைத்தாய்?' என்று திருப்பிக் கேட்பதே நிரலர் உலகில் மிகச் சிறந்த விடையாக இருக்க முடியும். கேட்டவர் காதில் அது தட்டிக்கழிப்பாக விழுகிறது. இலக்கண ஆசிரியர் விடையென்று ஒப்புக்கொண்டதைக் கேட்டவர் ஒப்புக்கொள்ளாததில் வியப்பில்லை. இலக்கண ஆசிரியருக்கு மறுநாள் சம்பளப் பட்டியல் போட வேண்டிய கட்டாயம் இருந்ததில்லை.

பிழை யாருடையது என்பதும் சண்டைக்கு இடமாயிற்று. இயந்திரம் வாடகைப் பொருள் என்பதால் அதன் மூடியைத் திறக்கும் உரிமை ஐபிஎம் பொறியாளர்களுக்கே இருந்தது. ஓட்டம் நடுவில் நின்றால், கோளாறு இயந்திரத்திலா நிரலிலா என்பதே முதல் கேள்வி. இயந்திரத்தைப் பார்ப்பவர் நிரலைச் சோதிக்கச் சொல்வதும், நிரலர் இயந்திரத்தைச் சோதிக்கச் சொல்வதும் இத்தகைய ஏற்பாட்டில் தவிர்க்க முடியாதவை. இங்கே 'சந்தேகம்' என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாகவே ஒலித்தன. மேலும் இந்த நிரலர்களில் பலர் ரயில்வே அலுவலகங்களில் எழுத்தராக இருந்து, தேர்வெழுதி, சில வாரப் பயிற்சியோடு வந்தவர்கள். எந்தக் கேள்வியும் உரிய வழியாகவே மேலே போக வேண்டும் என்ற அலுவலக மரபில் வளர்ந்தவர்கள். கோப்பில் எழுதும் கேள்விக்குக் கோப்பில்தான் பதில் வரும், அது வருவதற்குள் மாதக் கடைசி வந்துவிடும்.

தம்மைப் போன்ற பிறரிடம் கேட்பதே இதற்கு மாற்று என்பதை உலகின் மற்ற இடங்களில் முன்னரே கண்டுகொண்டிருந்தார்கள். ஐ.சி.எஃப். தொடங்கிய அதே 1955இல், அமெரிக்காவில் ஐபிஎம் 704 இயந்திரத்தைப் பெறவிருந்தவர்கள் நிரல்களையும் பிழைகளையும் பகிர்ந்துகொள்ள 'ஷேர்' என்னும் சங்கத்தை அமைத்தனர். இந்தியாவிலும் 1964இல் கணிப்பொறிப் பயனர் குழு ஒன்று தோன்றி, மறு ஆண்டே இந்தியக் கணிப்பொறிச் சங்கமாக மாறியது. 1969இல் வெளிவந்த வி. ராஜாராமனின் நிரலாக்கப் பாடநூல், மலிவான விலையில் கிடைத்ததால், ஒரு தலைமுறையின் கேள்விகளில் பாதியைக் கேட்காமலே தீர்த்தது. ஆனால் அது அறிவியல் கணக்குகளுக்கான மொழியைக் கற்பித்த நூல். 1401இன் சொற்குறியை மறந்தவருக்கு அதில் இடமில்லை.

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இந்தியப் பங்குதாரர்களைச் சேர்க்க மறுத்த ஐபிஎம், 1978இல் நாட்டை விட்டு வெளியேறியது. அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக சி.எம்.சி., ஏற்றது. உற்பத்தி செய்தவர் கைவிட்ட, பல ஆண்டுகளுக்கு முன்பே விற்பனை நின்றுபோன ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, நாடெங்கும் சிதறிக்கிடந்த மையங்கள் தத்தம் அனுபவத்தையே நம்ப வேண்டியதாயிற்று. கேள்வியை அனுப்புவதற்கு வெளியே ஒரு முகவரி இல்லாதபோது, நிரலோடு நிரலாக விட்டுச்சென்ற குறிப்புகள் மதிப்புப் பெற்றன.

அக்குறிப்புகளுக்கென்று 1401இன் ஆட்டோகோடர் மொழியில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஓர் அட்டையின் ஆறாவது கட்டத்தில் நட்சத்திரக் குறியைத் துளையிட்டால், அந்த அட்டையை இயந்திரம் கட்டளையாகக் கொள்ளாமல் அப்படியே அச்சிட்டுவிட்டு மேலே செல்லும். இந்த இடத்தில் சொற்குறி ஏன் வைக்கப்பட்டது, இதை நீக்கினால் எது கெடும் என்பதை அடுத்து வருபவருக்காக அதில் எழுதலாம். கேட்கப்படாத கேள்விக்கு முன்கூட்டியே எழுதிய விடை அது. அட்டைக்கு எண்பது கட்டம் மட்டுமே; அச்சுப்பொறியின் சங்கிலியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இருபத்தாறு, எண்கள் பத்து, குறிகள் பன்னிரண்டு, ஆக நாற்பத்தெட்டு. பெரம்பூரின் நிரலர் தம் ஐயத்தைத் தமிழில் நினைத்து, தமிழிலேயே பக்கத்து மேசையில் கேட்டு, விடையை அந்த நாற்பத்தெட்டுக்குள் சுருக்கி எழுதினார்.